கதவடைத்த குளிர்காலமும் ஆறாம் எண் இருக்கையும்

ஓரெஸ்ட் மெல்னிக் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் வருடம் தவறாமல் ஒரு காந்த அட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். ஊர் ஐஸ் ஹாக்கி அணி அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை என்றைக்கு உள்ளூரில் ஆடுகிறது, என்றைக்கு வெளியூரில் ஆடுகிறது என்று கட்டம் கட்டிக் காட்டும் அட்டை. உள்ளூர் ஆட்டம் நீலக் கட்டம், வெளியூர் ஆட்டம் வெள்ளை. வெள்ளைக் கட்டத்து நாளில் அவர் துணி துவைப்பார், பல் டாக்டரிடம் போவார், வாசலில் பனி அள்ளுவார். நீலக் கட்டத்து நாளில் பனி அப்படியே கிடக்கும். நகரப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தேழு வருடமாக மெக்கானிக். நீலக் கட்டத்து மாலையில் மிகைநேர வேலைக்கு வருகிறாயா என்று அவரிடம் கேட்கிற மேற்பார்வையாளன் அந்தப் பணிமனையில் இன்னும் பிறக்கவில்லை.

2004 செப்டம்பரிலும், இருக்கை வைத்திருப்பவர்களுக்கு அணி அனுப்பும் அந்த அட்டை தபாலில் வந்தது. வந்த நான்காம் நாள் அணிகளின் முதலாளிகள் எல்லோரும் ஒன்றுகூடி, ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்துவிட்டார்கள். சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது முதலாளிகள் பேச்சு. செத்தாலும் வரம்பு கிடையாது என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் பேச்சு. ஓரெஸ்ட் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குளிர்பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். ஆட்டமே நடக்குமா என்று தெரியாதபோது எதற்கு ஒட்டுவது? ஒட்டாமல் விட்டால் அதுவே அபசகுனமாகிவிட்டால்? கடைசியில் பழைய அட்டையை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினார். இரண்டும் சேர்ந்த கனத்தில் அது அடிக்கடி சரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய கவலை அணி ஜெயிக்குமா தோற்குமா என்பதில்லை. அரங்கத்தின் மேல்தளத்தில் முப்பத்தோராம் வரிசையில் ஐந்தாம் எண் இருக்கை அவருடையது. ஆறாம் எண் இருக்கை வெர்னாவுடையது. வெர்னா அவருடைய மனைவியாக இருபத்து மூன்று வருடம் இருந்தவள். விவாகரத்தாகிப் பதினோரு வருடம் ஆகிறது.

ஓரெஸ்ட் கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். மூன்றாவது மகன். முதல் இரண்டு பேருக்கே நிலம் பற்றவில்லை. இருபது வயதில் ஓர் அட்டைப்பெட்டியோடு நகரத்துக்குப் பஸ் ஏறினார். பாதி வழியில் அந்தப் பஸ் படுத்துவிட்டது. ஓட்டுநரோடு சேர்ந்து எஞ்சினுக்கடியில் புகுந்து, டிராக்டரில் படித்த வித்தையைக் காட்டி, அதை நகர வைத்தார். இறங்கும்போது ஓட்டுநர் பணிமனையின் முகவரியை எழுதிக் கொடுத்தார். மறுநாளே வேலை. கையில் தொழில் இருந்தது, ஆனால் ஹாக்கி மட்டும் அவ்வளவாகப் பிடிபடவில்லை. அதன் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது வெர்னாதான். அவள் அப்பா நிலக்கரிச் சுரங்க அணிக்குக் கோல் காத்தவர். கல்யாணத்துக்கு முன் இரண்டு குளிர்காலம் அவரைத் தெருமுனைப் பனித்தளத்துக்குக் கூட்டிப்போய், ‘இப்ப ஏன் விசில் ஊதினான் சொல்லு’ என்று பள்ளிக்கூடம் நடத்தினாள். 1979இல் ஊர் அணி பெரிய லீக்கில் சேர்ந்தபோது, பொழுது விடியுமுன் போய் உறைபனியில் வரிசை நின்று, எல்லா உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரே இருக்கையைத் தரும் சீசன் டிக்கெட் இரண்டு வாங்கியதும் அவள்தான்.

விவாகரத்தில் வீட்டை விற்றார்கள். கார் அவளுக்கு, பிக்கப் வண்டி அவருக்கு. மகள் லாரிசாவுக்கு அப்போதே பத்தொன்பது வயது. அவளைப் பங்கு போடத் தேவையிருக்கவில்லை. இரண்டு இருக்கைகளில் வந்து சிக்கியது வழக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி மாற்றி இருவரும் போகலாமே என்றார் வக்கீல். இறுதிச் சுற்று வந்தால் யார் முறை என்றாள் வெர்னா. ஆளுக்கொன்று என்று எழுதிவிட்டார்கள். மற்றவர் எவனோ முகம் தெரியாதவனுக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று இருவருமே நினைத்தார்கள். இருவருமே விற்கவில்லை.

முதல் ஒன்பது ஆட்டம் பேச்சு மூச்சு இல்லை. பத்தாவது ஆட்டத்தில், கடைசி நொடியில் விழுந்த கோலுக்கு, வெர்னா பழைய பழக்கத்தில் அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “நல்ல ஷாட்” என்றாள். “நல்ல ஷாட்” என்றார் அவரும். அதிலிருந்து அவர் சூரியகாந்தி விதைப் பொட்டலம் கொண்டுவருவார், அவள் ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருவாள். விதையின் ஓடு போட ஒரு காகிதக் குவளை இருவர் முழங்கால்களுக்கும் நடுவில் இருக்கும். பேச்சு ஆட்டத்தைப் பற்றி மட்டும். இரண்டாவது இடைவேளையில் மட்டும், லாரிசா போன் பண்ணினாளா, பண்ணினாள், அவ்வளவு. ஆட்டம் முடிந்ததும் அவர் வடக்கு வாகன நிறுத்தத்துக்கு நடப்பார், அவள் தெற்குக்கு. வருடத்துக்கு நாற்பத்தொரு மாலை, தோளோடு தோள். இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஓரெஸ்ட் விழித்திருப்பார்.

பணிமனை உணவறையில் கதவடைப்புதான் பேச்சு. ஓரெஸ்ட் அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. அவரை வம்புக்கு இழுப்பதற்கென்றே மதியச் சாப்பாட்டைக் கொண்டுவருகிறவன் ரெஜி, நாட்டின் கிழக்குக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்த பிரேக் மெக்கானிக்.

“ஏம்ப்பா ஓரெஸ்ட், வருசத்துக்குப் பதினெட்டு லட்சம் டாலர் வாங்குறவனெல்லாம் உனக்குத் தோழரா?”

“தொழிலாளின்னா தொழிலாளிதான். கதவைச் சாத்தினது முதலாளி.”

“அப்ப உன் தோழரை ஒரு நாளைக்கு வந்து இந்த டயரைக் கழட்டச் சொல்லேன் பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓரெஸ்டும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் குழப்பம் கும்மியடித்தது. முதலாளி பக்கம் பேச நாக்கு வளையவில்லை. ஆட்டக்காரன் பக்கம் பேசினால், அவன் வீட்டுக் குளியலறையே தன் வீட்டைவிடப் பெரிது என்ற நினைப்பு வந்து குறுக்கே நின்றது. இரண்டு பக்கமும் எரிகிற கட்டைக்கு நடுவில் மாட்டிய எறும்பு எந்தச் சங்கத்தில் சேரும்?

அட்டையில் முதல் நீலக் கட்டம் ஓர் அக்டோபர் சனிக்கிழமை. அன்று ஆட்டம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நாலரை மணிக்குக் குளித்தார், ஜெர்சி போட்டார், விதைப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தார். பிக்கப் வண்டி தானாகவே வடக்கு நிறுத்தத்தில் போய் நின்றது. அரங்கத்தில் கூட்டம் வேறு இருந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார். கிட்டே போனால் வீட்டு அலங்காரப் பொருட்காட்சி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மேல்தளத்துக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஏறி, முப்பத்தோராம் வரிசை ஐந்தாம் எண்ணில் உட்கார்ந்தார். கீழே பனித்தளம் இருக்கவேண்டிய இடத்தில் பலகை பரப்பி, வரிசை வரிசையாகக் குளியல் தொட்டிகள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கையில் ஐந்துக்கு ஐந்து ஆட்டக்காரர்கள் எதிரெதிரே நிற்பதுபோல் இருந்தது. அவர் தன்னையறியாமல் எந்தப் பக்கம் பலவீனம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் எண் இருக்கை மடங்கிக் கிடந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வெர்னாவின் தொலைபேசி எண் தன்னிடம் இல்லை. அடுக்ககத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டாள் என்று போன சீசனில் சொன்னாள். எங்கே என்று இவர் கேட்கவில்லை. முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. வெர்னாவின் முகவரி என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மேல்தளம், முப்பத்தொன்று, ஆறு. அந்த முகவரியில் இப்போது ஆள் இல்லை.

நவம்பரில் பணிமனைச் சங்கத்தின் கூட்டம். சீசன் டிக்கெட்டுக்கு ரசிகர்கள் முன்கூட்டியே கட்டிய பணம் முதலாளிகள் கையில் தூங்குகிறது, அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் மாதக்கணக்கில் கதவடைப்பை இழுக்கிறார்கள், ஆகவே திருப்பி வாங்க வழி பிறந்ததும் நம் உறுப்பினர்கள் யாரும் அந்தப் பணத்தை அங்கே விட்டுவைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். அதை எழுந்து வாசித்தவர் ஓரெஸ்ட். வாசித்து முடித்ததும் முதலில் உயர்ந்த கையும் ஓரெஸ்டுடையது. கை தூக்குவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. எண்பத்தாறில் ஐந்து மாத வேலைநிறுத்தத்துக்கும் அவர் கைதான் முதலில் உயர்ந்தது.

குளிர் இறுகியது. வண்டி எஞ்சின் உறையாமல் இருக்க, அதன் மூக்கிலிருந்து தொங்கும் மின்கம்பியைச் சுவரில் செருகிவிட்டுத் தூங்கவேண்டிய நாட்கள் வந்தன. நீலக் கட்டத்து மாலைகளில் ஓரெஸ்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உள்ளூர் வானொலி புது வித்தை ஒன்றைத் தொடங்கியது: அட்டையில் உள்ளபடி ஆட்டங்களைக் கணினியில் ஆடவைத்து, நேர்முக வர்ணனை. கூட்டத்தின் இரைச்சலைக்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். ஓரெஸ்ட் சமையலறையில் உட்கார்ந்து, விதை கொறித்துக்கொண்டு கேட்டார். நடக்காத ஆட்டங்களில் ஊர் அணி வரிசையாக ஜெயித்தது. இதற்குச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஒரு முறை கோல் விழுந்தபோது வலப்பக்கம் திரும்பி “நல்ல ஷாட்” என்றார். வலப்பக்கம் அடுப்பு இருந்தது.

பிப்ரவரி நடுவில், ஒரு புதன்கிழமை, அவர் ஒரு பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது ரெஜி வந்து அவர் பூட்ஸைத் தட்டினான். “எந்திரிச்சு வா” என்றான். குரலில் கேலி இல்லை. உணவறைத் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். சீசன் முழுவதும் ரத்து. ஓர் ஆட்டம்கூட இல்லை. கோப்பை இந்த வருடம் யாருக்கும் கிடையாது. உலகப் போர் நடந்தபோதுகூட நிற்காத ஆட்டம் என்று யாரோ சொன்னார்கள். ரெஜி வெகுநேரம் கழித்து, “இப்ப யாரு ஜெயிச்சான்?” என்று கேட்டான். அது நக்கலா நிஜமான கேள்வியா என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாளில் அணி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு கட்டம் போட்ட படிவம். முதல் கட்டம்: பணத்தை அடுத்த சீசனுக்கு விட்டுவைக்கிறேன். இரண்டாவது கட்டம்: பணத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. திரும்பப் பெறுவோரின் இருக்கைகள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போய்விடும். விவாகரத்து வக்கீல் ஆளுக்கொன்று என்று எழுதினாரே தவிர, அணியின் புத்தகத்தில் அது இன்றுவரை ஒரே கணக்கு, இரண்டு பெயர். ஆகவே இரண்டு கையெழுத்து. மார்ச் 31க்குள் வராவிட்டால் பணம் திரும்பிவிடும், இருக்கைகள் போய்விடும்.

ஓரெஸ்ட் அந்தச் சிறிய எழுத்தை நான்கு முறை படித்தார். நவம்பரில் அவர் வாசித்த தீர்மானத்தில் இந்த வரி இல்லை. தீர்மானப்படி நடந்தால் ஐந்தாம் எண்ணில் எவனோ உட்காருவான். வெர்னாவும் அங்கே இருக்க மாட்டாள். தீர்மானத்தை மீறினால், முதல் கை தூக்கியவனே முதுகில் குத்தினான் என்று உணவறை நாறும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. அன்று மாலை லாரிசாவை அழைத்தார். அவள் வடக்கே ஐந்து மணி நேரத் தொலைவில் பள்ளி ஆசிரியை.

“அம்மா நம்பர் இருக்காம்மா?”

“அப்பா, பதினோரு வருசமாப் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. நம்பர் இல்லையா உங்ககிட்ட?”

“அங்க போன் தேவைப்படலம்மா.”

“கடவுளே” என்றாள் லாரிசா, எண்ணைச் சொன்னாள். பிறகு, “ஹாக்கி பத்தி மட்டும் பேசிட்டு வெச்சுடாதீங்க” என்றாள். ஹாக்கியே இல்லையே, அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

மார்ச் முதல் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தெருமுனை டோனட் கடையில் சந்தித்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதுதான் தவறாகிப் போயிற்று. பதினோரு வருடமாக இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி பேசிப் பழகியவர்கள். அவர் அறிந்தது வெர்னாவின் இடக்கன்னம் மட்டும். எதிரே இருந்த முழு முகத்தில் புருவம் நரைத்திருந்தது, புதுக் கண்ணாடி இருந்தது, இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் மேசையைப் பார்த்தார். அவளும் அவர் குவளையைப் பார்த்தாள்.

“கறுப்புக் காப்பியா? ரெண்டு கிரீம் ரெண்டு சர்க்கரை இல்லாம உனக்கு இறங்காதே.”

“டாக்டர் சர்க்கரை வேணாம்னுட்டார்.”

“எப்பருந்து?”

“ரெண்டு வருசமா.”

“அப்ப என் ஃபிளாஸ்க் காப்பி?”

“குடிச்சேன்.”

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். ஓரெஸ்ட் பேச்சை மாற்றுகிற அவசரத்தில் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். சங்கத்தின் தீர்மானத்தைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்க, அவளே தொடங்கினாள்.

“எல்லாம் தெரியும். ஒரு பஸ் டிரைவர் பொண்டாட்டி என் கடைக்குச் சாயம் போட வந்தா. ‘ஓரெஸ்ட்தான் முதல் கை தூக்கினாரு’ன்னு சொன்னா. பெருமையாத்தான் சொன்னா.”

“அப்ப இந்த லெட்டர் வரல, வெர்னா.”

“எண்பத்தாறுல எந்த லெட்டரும் வரல. அப்பவும் கையத் தூக்கிட்டு வந்துதான் என்கிட்ட சொன்ன. நான் நிலவறையில நாற்காலியப் போட்டு அஞ்சு மாசம் ஊரார் தலைமுடிய வெட்டிக் குடும்பம் நடத்தினேன்.”

“அந்த வேலைநிறுத்தம் நியாயமானது.”

“நியாயந்தான். நான் இல்லைன்னேனா? ஒரு நாளாவது சொன்னேனா? என்கிட்டக் கேட்டியான்னுதான் கேட்டேன். அப்பவும் அதத்தான் கேட்டேன், ஏழு வருசமாக் கேட்டேன், அப்புறம் வக்கீல்கிட்டப் போனேன்.”

ஓரெஸ்ட் இதை எதிர்பார்க்கவில்லை. சங்கத்தைப் பிடிக்காமல், பட்ட கஷ்டத்தைப் பொறுக்காமல் பிரிந்து போனவள் என்றுதான் இத்தனை வருடமும் அவளைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார். முதலாளி புத்தி என்றுகூட ஒரு முறை ரெஜியிடம் சொல்லியிருக்கிறார். அடிப்படையே தப்பு என்றால், அதன் மேல் கட்டின பதினோரு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். எதிரே அந்த இரண்டு கண்கள். வாயை மூடிக்கொண்டார்.

வெர்னா தன் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிறாள் என்று நினைத்தார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது இருவருக்கும் எதிரே கண்ணாடிச் சன்னல். வெளியே வாகன நிறுத்தத்தில் ஒருவன் பனியில் புதைந்த காரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான். சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை.

“ரிவர்ஸ்ல போய்ட்டு வரணும்” என்றாள் வெர்னா.

“ரொம்ப மிதிக்கிறான்” என்றார் ஓரெஸ்ட். பேச்சு வந்துவிட்டது.

இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் காரையே பார்த்தார்கள். பிறகு அவள், சன்னலைப் பார்த்தபடியே, “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“சங்கத்தோட முடிவுன்னு பாத்தா—”

“சங்கத்துக்கு என்ன வேணும்னு கேக்கல.”

அவர் யோசித்தார். முப்பத்தேழு வருடமாக மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று மேலாளர்களின் அறையில் வரிசைப்படுத்திச் சொன்னவர். இந்த ஒரு கேள்விக்குப் பட்டியல் வரவில்லை. “தெரியல” என்றார். அது பொய்யில்லை. பிறகு, தான் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்துவிடுவது என்று நினைத்து, பேனாவை எடுத்துப் படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு அவள் பக்கம் தள்ளினார். “நீயே டிக் போடு. எதுன்னாலும் சரி.”

வெர்னா படிவத்தைப் பார்த்தாள். “இது கேக்குறது இல்ல ஓரெஸ்ட். தள்ளிவிடுறது” என்றாள். ஆனாலும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே அந்தக் கார் எப்படியோ மேலே ஏறிப் போய்விட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் சங்கத்தின் கூட்டம் மறுபடி கூடியது. தீர்மானத்தை யார் யார் நிறைவேற்றினார்கள் என்று தலைவர் கேட்டார். சீசன் டிக்கெட் வைத்திருந்த ஆறு பேரில் நான்கு பேர் கை தூக்கினார்கள். ஒருவன் தூக்க முடியாது என்றான். தன் இருக்கைக்கு ஒன்பது வருடம் காத்திருந்தவனாம். ஓரெஸ்டின் கை பாதி உயர்ந்து, தோள் அளவில் நின்று, அங்கேயே என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது.

“அது என்ன கை?” என்றான் ரெஜி. “மேலயா கீழயா?”

“தெரியாது.”

“பணம் வாங்குனியா இல்லையா?”

“எனக்கே தெரியாது. படிவம் அவகிட்ட இருக்கு.”

“எவகிட்ட?”

“வெர்னாகிட்ட. நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன்.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ரெஜி எழுந்து நின்று, தோழர் மெல்னிக் இனி கதவடைப்பா வேலைநிறுத்தமா என்பதை அவருடைய முன்னாள் மனைவியிடம் கேட்டுச் சொல்வார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி கேட்டுக்கொண்டான். தீர்மானத்தை வாசித்தவரே இப்படி என்றால் எப்படி என்று இரண்டு பேர் முறைத்தார்கள். அவர்கள் முறைத்ததில் நியாயம் இருந்தது. ஓரெஸ்ட் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். ஆனால் வெட்கத்தைவிட வேறொன்று அவரைக் குடைந்தது. அத்தனை பேர் நடுவில் கை தொங்கிக்கொண்டு நின்றபோது, மேலே போக வேண்டாம் என்று தன் கை விரும்பியது அவருக்குத் தெரிந்துவிட்டது. பணம் திரும்பி வந்திருக்கக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது. இதைப் படிவம் விரித்திருந்த மேசையில் சொல்லியிருக்கவேண்டும்.

மறுநாள், மார்ச் முப்பது, வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெர்னாவுக்குப் போன் செய்தார். சன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டு பேசினார்.

“ஆறாம் நம்பர்ல நீ இருக்கணும். அதான் எனக்கு வேணும். ஆட்டம் எப்படியோ போகட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “உனக்கு என்ன வேணும்?” என்றார்.

எதிர்முனையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கடையில் இருந்தாள்போல.

“முப்பதாந் தேதி வந்து கேக்குற. நான் பதினெட்டாந் தேதியே தபால்ல போட்டுட்டேன்.”

“எந்தக் கட்டத்துல டிக் போட்ட?”

“நீ கேக்குறதுக்கு முன்னாடி போட்டது. அதனால சொல்ல மாட்டேன்.”

“இது என்ன நியாயம் வெர்னா?”

“அட்டை வந்தா வருது, வராட்டிப் போகுது. இலை உதிர்ற காலத்துல தெரிஞ்சிரும். சனிக்கிழமை ரெண்டு மணி, அதே கடை, சன்னலோரம். விதை கொண்டு வா.” யாரிடமோ தலையைக் குனியச் சொன்னாள், போனை வைத்துவிட்டாள்.

ஓரெஸ்ட் ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். இருக்கை இருக்கிறதா போய்விட்டதா? போய்விட்டிருந்தால் சனிக்கிழமை எதற்கு? இருக்கிறதென்றால் சொல்லிவிட வேண்டியதுதானே? குளிர்பெட்டிக் கதவில் அட்டை மறுபடி சரிந்திருந்தது. சனிக்கிழமையைத் தேடினார். வெள்ளைக் கட்டம். வெள்ளைக் கட்டத்து நாளில் வெர்னாவைப் பார்க்கப் போவதா என்று ஒரு கணம் திகைத்து, பிறகுதான் அந்த அட்டைக்கு இப்போது ஒரு பொருளும் இல்லை என்று நினைவு வந்தது.

சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குப் பெட்ரோல் நிலையக் கடையில் விதைப் பொட்டலம் எடுக்கப் போனார். எப்போதும் எடுக்கிற வெறும் உப்புப் பொட்டலத்தில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் மிளகாய் போட்டது, வெங்காயம் போட்டது, வெள்ளரி ஊறுகாய் வாசனை சேர்த்தது என்று இன்னும் மூன்று தொங்கின. பதினோரு வருடம், வருடத்துக்கு நாற்பத்தொரு மாலை, அவர் நீட்டினார், அவள் தின்றாள். அவளுக்கு எது பிடிக்கும்?

நான்கையும் வாங்கிவிடலாம். அல்லது வழக்கமானதையே கொண்டுபோகலாம்; அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஓரெஸ்ட் பொட்டலத்தை மறுபடி கொக்கியில் மாட்டினார். கடை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்குப் போய், கையுறையைக் கழற்றி, காசு போட்டு, எண்ணை அழுத்தினார்.

“நான்தான். விதைக் கடையில நிக்கிறேன். நாலு தினுசு இருக்கு. உனக்கு எது?”

எதிர்முனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

“இதக் கேக்கவா போன் பண்ண?” என்றாள்.

அது அலுப்பா, சிரிப்பை அடக்கிய குரலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. “ஆமா” என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று குளிரில் காத்து நின்றார்.